சாவி, கை, கூலி: உதவியாளரின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சில வருஷங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கம். உடலும் அதிகாரமும் என்பது பொருள். சக்கர நாற்காலியில் வந்திருந்த தோழர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. மண்டபம் முதல் மாடியில். லிஃப்ட் கிடையாது. (உடலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டவர்களுக்கு மாடிப்படி ஞாபகம் வரவில்லை என்பது தனிக்கதை.) தோழரோடு வந்திருந்த இளைஞர் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நாற்காலியோடு அவரைத் தூக்கி வந்தார். பேச்சுக்கு நடுவில் தண்ணீர் புகட்டினார். தாள்களைப் புரட்டிக் கொடுத்தார். முடிந்ததும் மூத்திரப் பையை மாற்ற வெளியே அழைத்துப் போனார். நன்றியுரையில் மண்டபம் தந்தவர், மைக் செட்காரர், டீ கொண்டுவந்த கடைப் பையன் வரைக்கும் வந்தார்கள். அந்த இளைஞர் வரவில்லை. யாருக்கும் அவர் பேர் தெரியலை. எனக்கும் தெரியலை. கேட்கணும்னு தோணவும் இல்லை.

விளிம்பு, விளிம்பு என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற நாம், விளிம்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவரை எங்கே வைக்கிறோம்? அவர் யார்? சொந்தக்காரரா, வேலைக்காரரா, தோழரா, நர்ஸா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு அரசியல் இருக்கிறது. வேலைக்காரர் என்றால் சம்பளம் கேட்கலாம். சொந்தக்காரர் என்றால் கேட்கக் கூடாது. வேலைக்காரர் வேலையை விட்டுப் போகலாம். தோழர் போனால் துரோகம், தாய் போனால் பாவம்.

இந்த ஆளின் வரலாற்றைத் தேடிப் போனபோது கிடைத்தவை இந்தக் குறிப்புகள். பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை, கொஞ்சம் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும். அந்தந்த ஊரிலேயே வைத்துப் பார்க்கலாம். நம்ம ஊருக்குக் கடைசியில் திரும்பலாம்.

2

மனநோயாளிகளின் விலங்கை அவிழ்த்தவர் யார் என்று கேட்டால் பினெல் என்று பாடப்புத்தகம் பதில் சொல்லும். 1876இல் தோனி ரொபேர்-ஃப்ளூரி வரைந்த பெரிய ஓவியம் ஒன்று உண்டு. நடுவில் கோட்டு போட்ட டாக்டர், பக்கத்தில் சங்கிலி கழற்றப்படும் பெண். சங்கிலியைக் கழற்றுகிற ஆள் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்க்க நாம் யாரும் அந்த ஓவியத்திடம் போவதில்லை.

1793இல் பிலிப் பினெல் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனைக்கு வந்தபோது, அங்கே மனநோயாளிகளின் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் ழான்-பாப்தீஸ்த் புஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோயோடு நோயாளியாக அதே பிசேத்ருக்குள் வந்தவர். குணமான பிறகு அங்கேயே வேலைக்கு அமர்ந்து, கண்காணிப்பாளராக உயர்ந்தவர். மனைவி மார்கரீத்தும் கூடவே வேலை பார்த்தார். ஊழியர்கள் நோயாளிகளை அடிப்பதைத் தடை செய்தவர் இவர். குணமான நோயாளிகளையே ஊழியர்களாக எடுத்துக்கொண்டவரும் இவர்தான். பினெல் 1795இலேயே வேறு மருத்துவமனைக்கு மாறிப் போய்விட்டார். பிசேத்ரில் புஸேன் சங்கிலிகளை அகற்றியது 1797இல். பினெல் இதை மறைக்கவில்லை. புஸேனிடம் தான் கற்றதை எழுதியே வைத்திருக்கிறார். டாக்டர்தான் விடுவித்தார் என்கிற கதை அவருடைய மகனும் மாணவர்களும் பின்னால் கட்டியது. ஒரு துறை தனக்கு ஒரு பிதாவைத் தேடும்போது, படித்தவரைத்தான் தேர்ந்தெடுக்கும். தோல் தொழிலாளியை எந்தத் துறை பிதாவாக ஏற்கும்? நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத சங்கதி இது.

ஃபூக்கோவை நாம் விழுந்து விழுந்து படித்தோம். அடைத்து வைத்தல், கண்காணித்தல், அறிவு எப்படி அதிகாரமாகிறது என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அந்த வாசிப்பில் நமக்கு இரண்டே பாத்திரங்கள்தான்: டாக்டர், பைத்தியம். பார்வை, பார்க்கப்படும் உடல். ஃபூக்கோ 1973-74இல் நிகழ்த்திய விரிவுரைகளில் மனநோய் விடுதியின் காவலர்களும் பணியாட்களும் வருகிறார்கள். டாக்டரின் அதிகாரம் இவர்கள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. நாம அதைப் பிடிச்சுக்கலை. டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். மிச்ச நேரமெல்லாம் அதிகாரம் யார் கையில் இருந்தது? இடுப்பில் சாவிக்கொத்து தொங்கவிட்டிருந்தவன் கையில். அவனும் பெரும்பாலும் படிப்பில்லாத, போக்கிடமில்லாத, அற்பச் சம்பளக்காரன். ஒடுக்குகிறவனா ஒடுக்கப்பட்டவனா என்ற நம் இரட்டைப் பெட்டிக்குள் அடங்காதவன். அதனால்தான் அவன் நம் கோட்பாட்டுக்குள் வரவில்லை போலும்.

3

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்களுக்கு மாற்றுப்பணி கொடுத்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர். குவேக்கர்கள், மென்னொனைட்டுகள், வேறு சிலர். அவர்களில் சுமார் 3,000 பேர் அரசு மனநோய் மருத்துவமனைகளுக்கும் மனவளர்ச்சி குன்றியோருக்கான விடுதிகளுக்கும் உதவியாளர்களாகப் போனார்கள். அங்கே ஏற்கெனவே இருந்த ஊழியர்கள் ராணுவத்துக்கும் நல்ல கூலி தரும் போர்த் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டிருந்தார்கள். இவர்களுக்குக் கூலி கிடையாது. கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு, அவ்வளவுதான்.

பிலடெல்ஃபியாவின் பைபெரி மருத்துவமனைக்குப் போனவர்கள் கண்டது: நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒரே கூடத்தில், பலர் துணியில்லாமல், மலமும் மூத்திரமும் படிந்த தரையில். பார்த்துக்கொள்ள ஒருவர், இருவர். பழைய ஊழியர்கள் அடித்துத்தான் கூடத்தை அடக்கினார்கள். துப்பாக்கி எடுக்க மறுத்து வந்தவன் இங்கே விளக்குமாற்றுக் கட்டையை எடுப்பானா? பலாத்காரமே இல்லாமல் அந்த வார்டை நடத்த முடியுமா என்பது அவர்களுக்குள் ஓயாத விவாதம். அகிம்சையைப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு அது ஒரு ராத்திரி ஷிப்ட்டின் கேள்வியாக மாறியது.

அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று நமக்கு நெருக்கமானது. 1944இல் ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார்கள். பெயர் 'தி அட்டெண்டண்ட்'. உதவியாளன் என்றே பெயர். உதவியாளருக்காக உதவியாளர்களே எழுதியது. அடிக்காமல் எப்படிப் பிடிப்பது, படுக்கைப்புண் வராமல் எப்படிப் புரட்டுவது, பேசாதவரிடம் எப்படிப் பேசுவது என்பவைதான் பொருள். அவர்களில் சார்லி லார்ட் என்பவர் சின்னக் கேமராவை மறைத்து உள்ளே கொண்டுபோய்ப் படம் எடுத்தார். 1946 மே 6 தேதியிட்ட 'லைஃப்' இதழில் ஆல்பர்ட் மைசெல் எழுதிய கட்டுரையோடு அந்தப் படங்களில் சில வந்தன. நாடே பார்த்தது. நாஜி முகாம்களின் படங்கள் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பார்த்தவர்களுக்கு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஆக, சாவி வைத்திருப்பவன் சாட்சியாகவும் முடியும். 1972இல் இது மறுபடி நடந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் விடுதி. 4,000 பேருக்காகக் கட்டப்பட்டு 1965இல் 6,000 பேருக்குமேல் அடைக்கப்பட்டிருந்த இடம். அங்கே வேலை பார்த்த டாக்டர் மைக்கேல் வில்கின்ஸ், பெற்றோர்களைத் திரட்டியதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவரிடம் கட்டடச் சாவி ஒன்று மிஞ்சியிருந்தது. அந்தச் சாவியால் திறந்துதான் ஹெரால்டோ ரிவேரா என்ற தொலைக்காட்சி நிருபர் கேமராவோடு உள்ளே போனார். 1975இல் நீதிமன்ற ஒப்பந்தம். 1987இல் விடுதியே மூடப்பட்டது.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 1939க்கும் 1941க்கும் இடையில் ஆறு மையங்களில் 70,000க்கும் மேற்பட்ட ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் விஷவாயுவில் கொன்றார்கள். 1941 ஆகஸ்டில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது என்று பெயர். கொலை நிற்கவில்லை. விடுதிகளுக்குள்ளேயே பட்டினியாலும் அளவுக்கு மீறிய மருந்தாலும் தொடர்ந்தது. மருந்தைக் கொடுத்த கைகள் பெரும்பாலும் நர்ஸுகளின் கைகள். மெஸரிட்ஸ்-ஓப்ராவால்ட விடுதியின் நர்ஸுகள் 14 பேர்மீது 1965இல் ம்யூனிக்கில் வழக்கு நடந்தது. நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்துக் கரைசலைக் குடிக்க வைத்ததைச் சிலர் நீதிமன்றத்தில் விவரித்தார்கள். பதினான்கு பேரும் விடுதலை.

தாங்கிப் பிடிப்பது என்ற அசைவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். 'சேவை மனப்பான்மை' என்ற சொல் எனக்கு அன்றிலிருந்து பயத்தைத் தருகிறது. அன்பாகச் செய்கிற கை யாருடைய உத்தரவில் செய்கிறது என்பதைக் கேட்டாகணும். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஊழியர்களல்ல. படுக்கையில் கிடந்தவர்கள்தான் கேட்டார்கள்.

4

எட் ராபர்ட்ஸுக்கு 14 வயதில், 1953இல், போலியோ. கழுத்துக்குக் கீழே அசைவு ஏறக்குறைய இல்லை. இரவில் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள்தான் தூங்க முடியும். வேலைக்கு லாயக்கில்லை என்று கலிபோர்னியா மறுவாழ்வுத் துறை அவருக்கு உதவ மறுத்தது. 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விடுதிகள் எதுவும் அந்த இயந்திரத்தைத் தாங்காது என்பதால் வளாக மருத்துவமனையான கோவெலில் ஒரு அறை. பின்னால் அவரைப் போன்ற இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். தங்களுக்கு 'உருளும் குவாட்ஸ்' என்று கேலியாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அந்த மருத்துவமனை மாடியில் நடந்த மாற்றம் வெளியே இருந்து பார்த்தால் சின்ன விஷயம். உதவியாளரை மருத்துவமனை நியமிக்கவில்லை, இவர்களே தேர்ந்தெடுத்தார்கள். எப்போது எழுப்பணும், எப்போது குளிப்பாட்டணும், எங்கே கூட்டிக்கொண்டு போகணும் என்பதை இவர்கள் சொன்னார்கள். பிடிக்கலைன்னா அனுப்பிவிட்டு வேற ஆளை வைத்தார்கள். அதுவரைக்கும் 'பராமரிப்பு' என்றால் நர்ஸ் சொல்வதை நோயாளி கேட்பது. இங்கே ஆணையிடுகிறவர் மாறிவிட்டார். 1970இல் பல்கலைக்கழகத்தில் உதவியாளர் பட்டியல், நாற்காலி பழுதுபார்த்தல் எல்லாம் கொண்ட ஒரு திட்டம். 1972இல் சுயேச்சை வாழ்வு மையம். 'சுயேச்சை' என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறியது. தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள இரண்டு மணி நேரம் திணறுவது சுயேச்சை அல்ல. பதினைந்து நிமிஷத்தில் இன்னொருவர் போட்டுவிட, மிச்ச நேரத்தில் அரசியல் செய்வதுதான் சுயேச்சை. 1975இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு ராபர்ட்ஸே இயக்குநராக வந்து உட்கார்ந்தார்.

1977 ஏப்ரல் 5. ஊனமுற்றோருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 504ஆம் பிரிவு 1973இலேயே சட்டமாகியும் விதிமுறைகளில் கையெழுத்தாகவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புகுந்து உட்கார்ந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் வெளியே வரவில்லை. ஜூடி ஹியூமன், கிட்டி கோன் பெயர்களை வரலாறு சொல்லும். சொல்லணும்தான். உள்ளே இருந்தவர்களில் பலருக்கு இரவில் புரட்டிப் போட ஆள் வேண்டும், சாப்பாடு ஊட்ட ஆள் வேண்டும், மூத்திரக் குழாய் மாற்ற ஆள் வேண்டும். உதவியாளர் இல்லாமல் அந்தப் போராட்டம் ஒரு ராத்திரி தாண்டியிருக்காது. தொலைபேசியைத் துண்டித்தபோது காது கேளாத தோழர்கள் ஜன்னலில் நின்று சைகை மொழியில் வெளியே சேதி அனுப்பினார்கள். அதைப் படித்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது.

கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் உள்ளே இருந்தார். நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். அவரோடு அவருடைய உதவியாளர் சக் ஜாக்சன். அவரும் கருஞ்சிறுத்தை. லோமாக்ஸை மட்டுமல்ல, உள்ளே இருந்த வேறு பலரையும் ஜாக்சன் பார்த்துக்கொண்டார். இந்த இரண்டு பேருக்காகக் கட்சி தினமும் சூடான சாப்பாடு அனுப்பியது. இரண்டு பேருக்கு மட்டுமல்ல, மொத்தக் கூட்டத்துக்கும். ஏப்ரல் 28இல் விதிமுறைகளில் கையெழுத்தானது. ஜாக்சன் தோழரா, ஊழியரா? முதல் பகுதியில் நான் கேட்ட கேள்வி அங்கே கரைந்து போகிறது. இரண்டுமாக இருக்க முடியும் என்று அந்த மூன்று வாரம் காட்டியது.

இன்னொருவர் வேட் பிளாங்க். பாதிரியார். டென்வரில் ஒரு முதியோர் விடுதியில், கிழவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்த ஊனமுற்ற இளைஞர்களின் பகுதியில் ஊழியராக இருந்தார். முதலில் பாட்டு, டிவி என்று விடுதியை 'நல்லதாக்க'ப் பார்த்தார். பிறகு புரிந்தது, அவர்கள் நல்ல விடுதி கேட்கவில்லை, வெளியே போகணும் என்கிறார்கள். வேலை போனது. 1975இல் அவர்களை வெளியே குடியமர்த்தி அட்லாண்டிஸ் சமூகத்தை உண்டாக்கினார். 1978 ஜூலையில் அங்கிருந்து 19 பேர் ஏற முடியாத நகரப் பேருந்துகளை நடுத்தெருவில் மறித்தார்கள். 1983இல் அது ஆடாப்ட் என்ற நாடு தழுவிய இயக்கமானது. 1990இல் ஊனமுற்றோர் சட்டம் நிறைவேறிய பிறகு அந்த இயக்கம் பெயர்ச் சுருக்கத்தை மாற்றாமல் விரிவை மாற்றிக்கொண்டது. பேருந்துக்குப் பதிலாக உதவியாளர் திட்டம். முதியோர் விடுதிகளுக்குப் போகும் மருத்துவ உதவிப் பணத்தில் கால்பங்கைத் திருப்பி, வீட்டிலேயே உதவியாளர் வைத்துக்கொள்ளக் கொடு என்று கேட்டது.

இதே கேள்வியை இதைவிடக் கறாராகக் கேட்டவர்கள் ஜப்பானியர். 1970இல் யோகோஹாமாவில் ஒரு தாய் மூளைமுடக்குவாதம் உள்ள தன் குழந்தையைக் கொன்றாள். பாவம், என்ன பாடுபட்டிருப்பாள் என்று அக்கம்பக்கத்தார் கருணை மனு போட்டார்கள். 'ஆவோய் ஷிபா' என்ற மூளைமுடக்குவாதக்காரர்களின் அமைப்பு அதை எதிர்த்தது. தாயின் கஷ்டத்துக்கு இரங்கினால் கொல்லப்பட்ட உயிருக்கு என்ன விலை? நாளைக்கு எங்களையும் இப்படி அன்பாகக் கொல்லலாமா? யோகோட்டா ஹிரோஷி, யோகோஸுகா கோயிச்சி இருவரும் இதன் குரல்கள். ஹரா கஸுவோவின் 1972 ஆவணப்படத்தில் இவர்களைப் பார்க்கலாம். அன்பையும் நீதியையும் தாங்கள் மறுப்பதாக அறிக்கையே விட்டார்கள். அன்பின் பெயரால் கழுத்து நெரிக்கப்படுகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்?

இந்தச் சூழலில் உருவானதுதான் 'கை கால்' கொள்கை. ஊனமில்லாத உதவியாளர் ஊனமுற்றவரின் கையாகவும் காலாகவும் மட்டும் இருக்கணும். யோசனை சொல்லக் கூடாது, முந்திக்கொண்டு செய்யக் கூடாது. கறி கருகினாலும் அடுப்பை அணைக்கச் சொல்லும்வரை அணைக்கக் கூடாது என்கிற அளவுக்கு. நம் காதுக்கு இது கொடூரமாகப் படலாம். ஆனா ஆயுசு முழுக்க 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்டே வளர்ந்தவருக்கு, தன் தப்பைத் தானே செய்வதும் ஒரு உரிமை. இந்தக் கொள்கை நடைமுறையில் மோதலில் போய் நின்றது. 1970களின் இறுதியில் கன்சாய் பகுதியின் உதவியாளர் குழுக்கள் கலைக்கப்பட்டன. கைக்கும் ஒரு தலை இருக்கிறதே, என்ன செய்ய?

2016 ஜூலை 26 அதிகாலை. ஜப்பானின் சகமிஹாரா விடுதி ஒன்றில் 19 பேரைக் கத்தியால் குத்திக் கொன்றவன், அங்கே முன்பு வேலை பார்த்த ஊழியன். ஊனமுற்றோர் வாழத் தகுதியில்லை என்பது அவன் வாதம். இறந்தவர்களின் பெயர்களைக் காவல்துறை வெளியிடவில்லை. கொன்றவன் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். யோகோட்டா அதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்துவிட்டார். அவர் 1970இல் பயந்தது கற்பனையல்ல.

5

இனிக் கூலி.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியும் மிகைநேரக் கூலியும் 1938இல் சட்டமாயின. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் அதில் இல்லை. தென்மாநிலங்களில் இந்த இரண்டு வேலையையும் செய்தவர்கள் கறுப்பர்கள். அந்த மாநிலங்களின் வெள்ளை அரசியல்வாதிகளின் ஓட்டு இல்லாமல் சட்டம் நிறைவேறாது. கணக்கு சரியாப் போச்சு. 1974இல் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு ஒரு ஓட்டை. முதியோருக்கும் நோயாளிக்கும் 'துணைக்கு இருப்பவர்' இதில் வரமாட்டார். துணை! வாரத்துக்கு 60 மணி நேரம் தூக்கி, துடைத்து, கழுவி, புரட்டினாலும் அது கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்குச் சமம் என்று சட்டம் சொன்னது. ஒரு சொல் எப்படி உழைப்பை மறைக்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எந்தக் கோட்பாட்டு நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஈவ்லின் கோக், ஜமைக்காவிலிருந்து வந்தவர். நியூயார்க்கில் இருபது வருஷம்போல் பிறர் வீடுகளில் இந்த வேலை. சில நாட்கள் 24 மணி நேரம். மிகைநேரக் கூலி கிடையாது. வழக்குப் போட்டார். 2007இல் உச்சநீதிமன்றம் ஒன்பதுக்கு ஒன்பது என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2009இல் இறந்தார். 2013இல் தொழிலாளர் துறை விதியை மாற்றியது. வழக்குகளைத் தாண்டி 2015இல் அமலானது. 2025இல் அதே துறை அதைத் திரும்பப் பெறும் முன்மொழிவை வெளியிட்டது.

இதற்கிடையில் லாஸ் ஏஞ்சலஸில் ஒன்று நடந்தது. அங்கே அரசுப் பணத்தில் வீட்டு உதவியாளர்கள் வேலை செய்தார்கள். கறுப்பு, லத்தீன், ஆசியப் பெண்கள் பெரும்பாலும். பலர் சொந்த அம்மாவையோ பிள்ளையையோ பார்த்துக்கொண்டவர்கள். முதலாளி யார்? மாவட்ட நிர்வாகம் நான் இல்லை என்றது, நீதிமன்றமும் ஆமாம் என்றது. படுக்கையில் கிடப்பவரா முதலாளி? அவர் கையில் காசு இல்லை. தொழிற்சங்கம் 1987இல் அமைப்பு வேலையைத் தொடங்கியது. ஆலை வாசல் கிடையாது, சங்கு கிடையாது, ஷிப்ட் முடிந்து கூட்டமாக வெளியே வருவது கிடையாது. பல்லாயிரம் வீடுகளில் தனித்தனியாக இருந்தார்கள். வாசல் கூட்டம் போட்டே பழகிய சங்கக்காரர்களுக்கு இது புதுப் பாடம். வீடு வீடாகப் போனார்கள்.

ஊனமுற்றோர் இயக்கம் முதலில் தயங்கியது. சங்கம் வந்தால் ஆளைத் தேர்ந்தெடுக்கும், அனுப்பும் உரிமை போய்விடுமோ என்று நியாயமான பயம். வேலைநிறுத்தம் என்றால் அன்றைக்கு யார் படுக்கையிலிருந்து எழுப்புவது? பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். பொது ஆணையம் ஒன்று. கூலிப் பேச்சுவார்த்தைக்கு அதுதான் முதலாளி. ஆளை எடுப்பது, சொல்லிக்கொடுப்பது, நீக்குவது எல்லாம் உதவி பெறுபவர் கையில். 1992இல் கலிபோர்னியா இதற்கு வழிசெய்தது. 1999 பிப்ரவரியில் 74,000 உதவியாளர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 1930களுக்குப் பிறகு அமெரிக்காவில் அவ்வளவு பெரிய சங்கச் சேர்க்கை நடக்கவில்லை என்று எழுதினார்கள்.

சுபம் என்று இங்கேயும் போட முடியாது. 2013 விதி வந்தபோது ஆடாப்ட் தோழர்களில் பலர் எதிர்த்தார்கள். காரணம் எளிது. மிகைநேரக் கூலி கொடுக்கணும் என்றால் அரசு கூடுதல் பணம் ஒதுக்காது, மணி நேரத்தைத்தான் வெட்டும். பத்து வருஷம் பழகிய கை 40 மணி நேரத்தோடு போய்விடும், மிச்சத்துக்கு முன்பின் தெரியாத கை வரும். பயம் பொய்யாகவில்லை. சில மாநிலங்கள் உச்சவரம்பு வைத்தன. ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வேலை செய்யும் உதவியாளருக்குக் கலிபோர்னியாவில் வாரம் 66 மணி. உதவியாளருக்கு நியாயமான கூலி வேண்டும் என்பதும், உதவி பெறுபவருக்குத் தன் நேரம் வேண்டும் என்பதும் இரண்டும் உரிமைதான். இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு நடுவில் ஒதுங்கி நின்றது கஜானா. படுக்கையில் கிடப்பவரும் படுக்கையைச் சுத்தம் செய்பவரும் சண்டை போட்டுக்கொண்டால் மிச்சமாகும் காசு யாருக்கு? 1990களில் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் புரிந்துகொண்டது இதைத்தான். அதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

6

பெயர்கள் மாறிவந்ததைக் கவனிக்கலாம். காவலாள், அட்டெண்டண்ட், பராமரிப்பு ஊழியர், கடைசியாக 'நேரடி ஆதரவுத் தொழில்முறையாளர்'. இந்தக் கடைசிப் பெயருக்கு 1996இல் ஒரு தேசிய அமைப்பு, பிறகு ஒரு அறநெறிக் கோவை. பெயர் கௌரவமாக இருக்கிறது. ஆனால் மனவளர்ச்சி குன்றியோர் துறையில் சமீப ஆண்டுகளின் கணக்கெடுப்புகளைப் பார்த்தால், வருஷத்துக்கு ஏறக்குறைய 40 சதவீத ஊழியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். அரசின் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலில் இந்தத் தொழிலுக்குத் தனி வரிசைகூடக் கேட்டுக் கேட்டுத்தான் பார்க்கிறார்கள். கூலி உயராமல் பெயர் மட்டும் உயர்ந்தால், அது இன்னொரு 'துணை'தான்.

நம்மிடம் பெயரே இல்லை. 'ஊனமுற்றோர்' மாற்றுத்திறனாளி ஆனார். அவரைத் தூக்குகிறவர் ஆயா, வார்டுபாய், கூட வந்த பையன் என்றே நின்றுவிட்டார். 'அட்டெண்டர்' என்றால் நமக்கு ஆபீசில் ஃபைல் தூக்குபவர். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளரை வரையறுக்கிறது: பெற்றோர், குடும்பத்தார் உட்பட, ஊதியத்துடனோ ஊதியமின்றியோ உதவுபவர் யாரும். ஊதியத்துடனோ ஊதியமின்றியோ! இரண்டு எதிரெதிர் உலகங்களை ஒரு 'ஓ' சேர்த்து வைக்கிறது. அந்த 'இன்றியோ'வில் நம் அம்மாக்கள், அக்காக்கள், பள்ளிக்கூடம் நின்று போன தங்கைகள் எல்லாரும் அடக்கம். அதிக ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. படி வேறு, கூலி வேறு என்பது நமக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வேலையின் விலையை இனம் தீர்மானித்தது. இங்கே மலமும் மூத்திரமும் துடைக்கிற கை என்றதும் சாதி வந்து நிற்கும். வீட்டுக்குள் அது பெண்ணின் கடமை, வீட்டுக்கு வெளியே அது 'அவங்க' வேலை. இரண்டுக்கும் நடுவில் அது ஒரு தொழில், கற்றுக்கொள்ள வேண்டிய தொழில், கூலி பேசிச் செய்ய வேண்டிய தொழில் என்ற இடமே உருவாகவில்லை. புஸேன் தோல் தொழிலாளியாக இருந்தது தற்செயல்தானா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பின் நாற்றத்துக்கு முகம் சுளிக்காதவர்களிடமிருந்துதான் இந்தத் தொழிலின் அறம் வந்திருக்கும்.

அந்தக் கருத்தரங்கத்துக்கு வருகிறேன். பிறகு ஒருநாள் செலவுக் கணக்கைப் பார்க்க நேர்ந்தது. பேச்சாளருக்குப் பயணப்படி: ஒரு நபர். அந்தத் தோழர் தனியாக வர முடியாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு எழுதியிருந்தோம். இன்னொரு டிக்கெட்டை அவர் தன் கையிலிருந்து போட்டிருப்பார். அந்த இளைஞரின் அன்றைய கூலி? அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு விஷயங்களை முன்வைக்கிறேன். கீழ்த்தளத்தில் மண்டபம் பிடிப்பது. செலவுக் கணக்கில் உதவியாளருக்கு ஒரு வரி சேர்ப்பது: பயணம், சாப்பாடு, நாள்கூலி, அதற்கு முன்னால் அவருடைய பெயர். பெயர் எழுத வேண்டுமென்றால் முதலில் கேட்டாகணும், இல்லையா?